கல்லை மட்டும் எண்ணினோம்: சரளை ஆறு ஒன்றில் மணலும் சேறும் செய்த வேலை

பின்னணி

மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் ஒரு நடுத்தர ஆறு. படுகை முழுக்க உருண்டு திரண்ட சரளைக்கல். குறுக்கே பழைய தடுப்பணை ஒன்று இருந்தது. அதன் முதுகுப்புறம் மணல் நிரம்பிப்போய் நீர் தேங்க இடமே இல்லை. அணையின் மேல்விளிம்பை இரண்டு கட்டமாக வெட்டி இறக்குவது, கீழே சிறு கற்கள் அற்றுப்போன படுகைக்குப் புதுச் சரளை கொட்டுவது என்று திட்டம் போட்டிருந்தார்கள்.

அணைக்குக் கீழே படுகையில் சிறு கற்கள் அற்றுப்போனதற்குக் காரணம் தெரிந்ததுதான். மேலிருந்து வர வேண்டிய கல்லை அணை பிடித்துக்கொள்ளும். சுமையில்லாமல் தாண்டி வரும் நீர், கீழே கிடக்கும் சிறு கற்களைப் பொறுக்கிக்கொண்டு போய்விடும். இதைப் ‘பசித்த நீர்’ என்பார்கள். அந்த நீரால் தூக்க முடியாத பெரிய கற்கள் மட்டும் மேலே தங்கி, தளம் பாவியது போல ஒன்றோடொன்று இறுகிவிடும். அதுதான் கவச அடுக்கு. ட்ரவுட், சால்மன் போன்ற மீன்கள் சரளையை வாலால் அடித்துக் குழி பறித்துத்தான் முட்டையிடும். கவசம் கட்டிய படுகையில் அது நடக்காது. புதுச் சரளை கொட்ட நினைத்தது அதற்காகத்தான்.

இரண்டு சிக்கல்கள் கூடவே இருந்தன. அணைக்குச் சற்றுக் கீழே குடிநீர்க் குழாய் ஒன்று படுகைக்கு அடியில் ஆற்றைக் கடக்கிறது. அதற்கும் கீழே ஓர் ஓடை வந்து சேர்கிறது. ஓடையின் மேல்பகுதியில் சரிவுகளை வெட்டித் திறந்து போட்டிருந்ததால், லேசான மழைக்கே கலங்கல் நீர்தான் வரும். ஆகவே, ஓடை சேரும் இடத்துக்கு மேலே உள்ளதை மேல்பகுதி என்றும், கீழே உள்ளதைக் கீழ்ப்பகுதி என்றும் பிரித்துக்கொண்டோம்.

குழுவில் மூன்று பேர். நான் நீரோட்டக் கணக்குப் பார்ப்பவன். இன்னொருவர் ஆற்றுப் படிவுகளில் பழுத்த அனுபவமுள்ள நிலவியலாளர். நாங்கள் அவரை மேடம் என்று அழைப்போம். மூன்றாமவர் கள அளவுகளுக்காகப் புதிதாகச் சேர்ந்த இளைஞர். திட்டத்தை நடத்திய பொறியாளர் எங்களிடம் கேட்டது ஒரே கேள்வி: கொட்டும் சரளை எவ்வளவு நீர் வந்தால் நகரும்?

முதல் கணக்கு

இந்தக் கேள்விக்கு வழக்கமான பாதை உண்டு. 1936-இல் அமெரிக்கப் பொறியாளர் ஆல்பர்ட் ஷீல்ட்ஸ் காட்டிய வழி அது. ஓடும் நீர் படுகையை இழுக்கும் விசையை, கல்லின் நீரடி எடையோடும் அளவோடும் ஒப்பிட்டால் ஓர் எண் கிடைக்கும். அந்த எண் ஒரு வரம்பைத் தொடும்போது கல் அசையத் தொடங்கும். சரளைக்கு அந்த வரம்பு ஏறக்குறைய 0.03-இலிருந்து 0.06 வரை என்று பாடநூல்கள் சொல்லும். நடுவே 0.045 என்று எடுத்துக்கொள்வது பலரின் பழக்கம். நானும் அதையே எடுத்தேன்.

கல்லின் அளவுக்கு வோல்மன் முறை. 1954-இல் எம். கார்டன் வோல்மன் சொல்லிக்கொடுத்த எளிய வழி: படுகையில் நடந்துகொண்டே, கீழே பார்க்காமல் காலின் நுனிக்குக் கையை இறக்கி, விரலில் முதலில் தட்டுப்படும் கல்லை எடுத்து அளக்க வேண்டும். இப்படி 100 கல். எங்கள் இளைஞர் பொறுமையாக எடுத்து வந்த அளவுகளின் சராசரி 40 மில்லிமீட்டர். ஆற்றின் சரிவு 1,000 மீட்டருக்கு 4 மீட்டர். இந்த மூன்றையும் போட்டால், படுகை அசைய நீரின் ஆழம் சுமார் 74 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்று வந்தது. ஆறு அந்த ஆழத்துக்கு ஏறுவது பெரிய வெள்ளத்தில்தான். ‘சாதாரண வெள்ளத்தில் சரளை அப்படியே கிடக்கும்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டோம்.

அறிக்கையைத் தேதி போட்டு அனுப்பும்போது எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. இதை இங்கே எழுதி வைப்பது நல்லது.

கொட்டிய சரளையின் மேல் அடையாளக் கற்களை வரிசையாக வைத்தோம். சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று அளவு. அளவுக்கு ஒரு நிறம். சிலவற்றில் துளையிட்டு ரேடியோ அடையாளச் சில்லுகளும் வைத்திருந்தோம். பிறகு அணையின் முதல் கட்டத்தை வெட்டி இறக்கினார்கள்.

முதல் வெள்ளம்: காணாமல் போன கற்கள்

வெட்டிய சில வாரங்களில் ஒரு வெள்ளம் வந்தது. பெரிதல்ல. நீர்மட்ட அளவுகோலில் உச்சம் 74-க்கு வெகு கீழே, அரை மீட்டரைக்கூடத் தொடவில்லை. நீர் வடிந்ததும் போய்ப் பார்த்தால், அடையாளக் கற்களில் ஒன்றுகூட வைத்த இடத்தில் இல்லை.

யாரோ எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தோம். பளிச்சென்ற நிறம், கரையில் நடமாட்டமும் உண்டு. அடுத்து, மணலுக்கு அடியில் புதைந்திருக்கும் என்று தோண்டிப் பார்த்தோம். அரை நாள் போனது. ஒரு கல்கூடக் கிடைக்கவில்லை. அப்புறம் ரேடியோ வாசிப்பானைத் தூக்கிக்கொண்டு ஆற்றோடு இறங்கி நடந்தோம். குழாய் கடக்கும் இடத்தையும் தாண்டி, வளைவின் உட்புறத் திட்டில் அது கூவத் தொடங்கியது. சிறியது மட்டுமல்ல, பெரிய கற்களும் அங்கே கிடந்தன. மூன்று அளவும் கிட்டத்தட்ட ஒரே தூரம் போயிருந்தன. நாங்கள் எதிர்பார்த்தது அதுவல்ல. பெரியது பின்தங்கியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் உறுத்தியது. வெள்ளத்தின்போது ஓட்டமானி வைத்து எடுத்த வேகம், அந்த நீர்மட்டத்துக்குப் பழைய அட்டவணை சொன்னதைவிடக் கூடுதலாக இருந்தது. கருவி கெட்டுவிட்டது என்று எண்ணி அதை ஓரமாக வைத்துவிட்டேன். கருவியில் ஒரு கோளாறும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

எங்கே தவறியது

சரிவை மறுபடி அளந்தோம், சரியாகவே இருந்தது. அளவுகோலும் சரி. மேடம் கணக்கைப் பார்க்கவே இல்லை. ரப்பர் செருப்போடு நேராகப் படுகையில் இறங்கினார். அணைக்குச் சற்றுக் கீழே, சரளை கொட்டிய இடத்தில் நின்றுகொண்டு, “இங்க வந்து நின்னு பாருங்க” என்றார்.

நின்றேன். கால் மெல்லக் கரகரவென்று இறங்கியது. முன்பு அதே இடத்தில் நின்றபோது தரையில் நிற்பது போலிருந்தது. இப்போது கட்டைவிரலால் நெம்பினாலே கைமுஷ்டி அளவுக் கல் ஒன்று வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அது இருந்த குழி உடனே சரிந்து மூடிக்கொண்டது. கற்களுக்கு இடையே முன்பு விரல் நுழையும் சந்துகள் இருந்தன. இப்போது எல்லாச் சந்திலும் வெளிர் நிறப் பருமணல். கற்களின் தலை மட்டும் மணலுக்கு மேல் தெரிந்தது. அணையின் முதுகில் தேங்கியிருந்த மணல், விளிம்பை வெட்டியதும் முதல் ஆளாகக் கிளம்பி வந்திருந்தது.

‘அது சரி, கல் எண்ணிக்கையில் இது ஏன் வரவில்லை?’ என்ற கேள்வி எழுந்தது. வெட்டிய பிறகும், வெள்ளத்துக்கு முன்பு, ஒரு முறை கல் எண்ணியிருந்தோம். அப்போதே மணல் வந்துகொண்டிருந்தது. இளைஞரைக் கேட்டோம். அவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: “விரல் மணல்ல பட்டா, பக்கத்துல இருக்கற கல்லை எடுத்தேன் சார். கல்லைத்தானே எண்ணச் சொன்னீங்க?”

அவர் மேல் தவறில்லை. நான் கொடுத்த படிவத்தில் மணலுக்குக் கட்டமே கிடையாது. அந்த 100 புள்ளியில் எத்தனை மணலில் விழுந்தன என்பது எங்கும் பதிவாகவில்லை. மறுபடி எடுத்தோம், விரல் மணலில் பட்டால் மணல் என்று எழுதச் சொன்னோம். ஐந்தில் ஒன்று மணல்.

மணல் ஏன் கல்லை நகர்த்துகிறது

கேட்ட மாத்திரத்தில் இது தலைகீழாகத் தோன்றும். இடுக்குகளை நிரப்பினால் கல் இன்னும் இறுகத்தானே வேண்டும்? வேலைக்கு வந்த ஒப்பந்தக்காரர் ஒருவரும் இதையேதான் கேட்டார். மணல் விஷயத்தில் அது நடப்பதில்லை, அதற்குப் பல காரணங்கள் சேர்ந்து வருகின்றன.

சரளை மட்டும் இருக்கும் படுகையில் ஒவ்வொரு கல்லும் முன்னால் உள்ள கல்லின் தோளில் ஏறித்தான் உருள வேண்டும். குழி ஆழம், ஏற்றம் செங்குத்து. மணல் வந்து குழியை நிரப்பும்போது அந்த ஏற்றம் தணிகிறது. மேலே வேறு இடத்திலிருந்து உருண்டு வரும் கல்லும் விழுந்து தங்கக் குழி இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அடுத்தது நீரோட்டம். கரடுமுரடான படுகையில் நீர் ஒவ்வொரு கல்லின் பின்னாலும் சுழன்று தன் வேகத்தைத் தொலைக்கும். மணல் அந்தப் பின்புறங்களை நிரப்பிப் படுகையை வழவழப்பாக்கினால், அடியோட்டம் வேகம் பிடிக்கும். நீட்டிக்கொண்டிருக்கும் கல் தலைகள் அந்த வேகத்தை நேராக வாங்கிக்கொள்ளும். என் ஓட்டமானி சொன்னது இதைத்தான்.

மணல் ஓரளவுக்கு மேல் போகும்போது இன்னொரு மாற்றமும் நடக்கிறது. குறைவாக இருக்கும்வரை கல் கல்லின் மேல் உட்கார்ந்திருக்கும், மணல் இடுக்கில் வாடகைக்கு இருக்கும். படுகையில் மணலின் பங்கு 10 சதவீதத்திலிருந்து 30 சதவீதத்துக்குள் ஏறும்போது நிலைமை மாறி, கற்கள் மணலில் மிதப்பது போல ஆகிவிடும். கல்லோடு கல் பிடித்திருந்த பிடி அங்கே விட்டுப்போகிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1914-இல் வெளியான தன் நீர்த்தொட்டிச் சோதனைகளில், பருமனான பொருளோடு நுண்ணிய பொருளைச் சேர்த்தால் பருமனானதும் அதிகமாக நகர்கிறது என்று அமெரிக்க நிலவியலாளர் குரோவ் கார்ல் கில்பர்ட் குறித்துவைத்தார். பிற்காலத்தில் ஆற்றுப் படிவு ஆய்வாளர் பீட்டர் வில்காக் குழுவினர் ஒரே சரளையை வைத்துக்கொண்டு, மணலின் பங்கை 6 சதவீதத்திலிருந்து 34 சதவீதம் வரை ஏற்றிச் சோதித்தார்கள். 2001-இல் வந்த அந்த முடிவுகளின்படி, மணல் கூடக் கூடப் படுகையில் சரளையின் பங்கு குறைந்தாலும், அது நகரும் அளவு பல மடங்கு ஏறியது. 2003-இல் வில்காக்கும் ஜோனா க்ரோவும் இதைக் கணக்காக்கினார்கள். படுகை மேற்பரப்பில் மணலே இல்லையென்றால் ஷீல்ட்ஸ் வரம்பு 0.036. மணல் ஏற ஏற அது 0.021 வரை இறங்கும். இறக்கம் பெரும்பாலும் முதல் 20 சதவீதத்துக்குள்ளேயே முடிந்துவிடும். கொஞ்சம் மணல் வந்தாலே போதும், அதற்கு மேல் வருவது இந்த வரம்பைப் பெரிதாக மாற்றாது. களத்தில் இருப்பவர்களுக்கு உதவுவது இந்தச் செய்திதான்.

எங்கள் எண்களை இதில் போட்டுப் பார்த்தோம். மணல் இல்லாத 40 மில்லிமீட்டர் படுகைக்கு 59 சென்டிமீட்டர் ஆழம். மேற்பரப்பில் 20 சதவீதம் மணல் என்றால் 35. மணலைச் சேர்த்தால் சராசரி அளவே குறையும் என்ற நுணுக்கத்தை இங்கே தள்ளி வைத்திருக்கிறேன், போக்கு மாறாது. நான் சொன்ன 74 எங்கே, இந்த 35 எங்கே! வந்த வெள்ளம் இரண்டுக்கும் நடுவே இருந்தது. மூன்று அளவுக் கற்களும் சேர்ந்தே ஓடியதும் அப்போதுதான் புரிந்தது: குழிகள் நிரம்பி வழவழப்பான படுகையில் பெரிய கல்லைப் பிடித்து நிறுத்தவும் எதுவும் இல்லை.

எடுத்த முடிவுகள்

அடுத்த வெள்ளம் வருவதற்குள் முடிவெடுக்க வேண்டியிருந்தது. குழாய்க்கு மேல் இருந்த மூடுகல் மெலிந்துவிட்டதைக் குறுக்குவெட்டு அளவு காட்டியது.

மூன்று யோசனைகள் மேசைக்கு வந்தன. ஒன்று, இன்னும் பெரிய கல்லைக் கொட்டுவது. பொறியாளருக்கு இதுதான் பிடித்திருந்தது. பார்ப்பவருக்கு வேலை நடப்பது போலத் தெரியும். நாங்கள் ஒப்பவில்லை. மீன் முட்டையிட அந்தக் கல் உதவாது, மணலும் அப்படியே இருக்கும். இரண்டாவது, ஒன்றும் செய்யாமல் மணல் கடந்து போகக் காத்திருப்பது. மணல் வரத்து நின்றால் மேற்பரப்பு மறுபடி பருத்து, கல் ஓட்டம் தணியும் என்று சோதனைகளும் சொல்கின்றன. ஆனால் அதுவரை குழாய் தாங்குமா என்பது வேறு கேள்வி. மூன்றாவது, மணலை வழியில் மறித்து எடுப்பது.

மூன்றாவதும் இரண்டாவதும் கலந்த ஒரு வழியைப் பிடித்தோம். அணையின் அடுத்த கட்ட வெட்டை நிறுத்தி வைக்கச் சொன்னோம். அணைக்குக் கீழேயே படுகையில் ஒரு மணல் பொறிக்குழி தோண்டி, ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும் பொக்லைன் வைத்து அள்ளுவது என்று ஏற்பாடு. கலிபோர்னியாவின் டிரினிட்டி ஆற்றில், கிராஸ் வேலி ஓடை கொண்டுவரும் சிதைந்த கிரானைட் மணலைப் பிடிக்க இதே மாதிரிக் குழிகளைத்தான் வெட்டினார்கள். அது எங்களுக்குத் தைரியம் கொடுத்தது. குழாய்க்கு மேல் மட்டும், வேறு வழியில்லாமல், பெரிய கற்களை அடுக்கினோம்.

ஒரு தயக்கம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பொறிக்குழி மணலை மட்டும் பிடிக்காது, சரளையையும் பிடிக்கும். பசித்த நீரை நாங்களே மறுபடி உண்டாக்குகிறோமோ என்று மேடம் கேட்டார். அள்ளியதைச் சலித்து, சரளையைக் குழிக்குக் கீழே திருப்பிப் போடுவது என்று பேசி முடித்தோம். செலவு கூடியது. பொறியாளர் முகம் சுளித்தார், ஆனால் கையெழுத்துப் போட்டார்.

கீழ்ப்பகுதி: அதே தவறு, திருப்பிப் போட்டு

ஓடை சேரும் இடத்துக்குக் கீழேயும் அடுத்த பருவத்தில் சரளை கொட்டத் திட்டமிருந்தது. சூடுபட்டுக்கொண்டவர்கள் என்பதால் இம்முறை கவனமாக இருந்தோம். மேற்பரப்பைத் தோண்டி மண் மாதிரி எடுத்துச் சலித்தோம். 2 மில்லிமீட்டருக்குக் கீழே போனது மேல்பகுதியைவிட அதிகமாக இருந்தது. கணக்கில் போட்டால், சின்ன வெள்ளத்துக்கே படுகை ஓடும் என்று விடை வந்தது. ‘இங்கே இப்போது கொட்ட வேண்டாம், கொட்டினால் அடித்துக்கொண்டு போகும்’ என்று எழுதிக் கொடுத்தோம். வாங்கி வைத்திருந்த சரளை கரையில் குவியலாக நின்றது.

அந்தப் பருவத்தில் முதலில் வந்ததைவிடப் பெரிய வெள்ளம் ஒன்று வந்தது. மேல்பகுதியில் படுகை ஓடியது. கீழ்ப்பகுதியில் செங்குத்தாகப் புதைத்திருந்த அரிப்புச் சங்கிலிகள் வைத்தது வைத்தபடியே நின்றன. சங்கிலி மடங்கியிருந்தால் அந்த ஆழம் வரை படுகை கிளம்பியது என்று பொருள். ஒரு கண்ணிகூட மடங்கவில்லை.

இந்த முறை நானே முதலில் இறங்கி நின்றேன். கால் இறங்கவில்லை. ஒரு கல்லைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. இளைஞர் கடப்பாரை கொண்டுவந்து நெம்பினார். கல் ‘பொத்’ என்ற சத்தத்தோடு கிளம்பியது. அது இருந்த குழி சரியவில்லை. அச்சில் வார்த்தது போல, கல்லின் உருவத்தோடு அப்படியே நின்றது. சுவரில் சாம்பல் நிறத்தில் வழவழப்பான பூச்சு. விரலால் தேய்த்தால் சோப்பு போல வழுக்கியது, காய்ந்ததும் தோலை இழுத்தது. களி.

நாங்கள் மாதிரியை உலர்த்தி, கட்டிகளை உடைத்து, 2 மில்லிமீட்டர் சல்லடையில் போட்டோம். கீழே விழுந்ததையெல்லாம் ‘மணல்’ என்று எழுதினோம். உடைந்த சேற்றுக் கட்டியும் அதில்தான் விழுந்தது. மறுபடி நீர் ஊற்றி அலசி 0.063 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தபோது, அந்த ‘மணலில்’ பெரும்பகுதி கலங்கல் நீராக இறங்கி ஓடியது.

0.063-க்கு மேல் மணல், கீழே வண்டலும் களியும். இந்தக் கோடுதான் கதையின் திருப்பம். மணல் தானாக ஒட்டாது. களி ஒட்டும். மணலோடு கலந்த களி 5 முதல் 10 சதவீதத்தைத் தாண்டினாலே கலவை ஒட்டும் தன்மை பெறத் தொடங்கும் என்பது பரவலாக எடுத்துக்கொள்ளப்படும் அளவு. ஓடையின் கலங்கல், ஆற்றின் மேல் ஓடும்போது படியாது. ஆனால் படுகைக்குள் இறங்கும் நீரோடு உள்ளே போய் இடுக்குகளில் தங்கிவிடும். நீர் குறைந்த நாட்களில் மேலேயும் படியும், விளிம்பில் காய்ந்து இறுகும். இடுக்கு அடைபட்டால் படுகைக்குள் நீர் ஓடுவதும் நின்றுபோகும். அங்கே மீன் முட்டையிட்டாலும் முட்டைக்கு ஆக்சிஜன் போகாது. வில்காக், க்ரோ சமன்பாடு மணலையும் சரளையையும் வைத்துச் செய்தது. சேற்றை அதில் போட்டுவிட்டு விடையை நம்பியது எங்கள் தவறு.

உண்மையில் இது முதல் தவறேதான், உடை மாற்றிக்கொண்டு வந்தது. அங்கே நுண்பொருளை எண்ணவே இல்லை. இங்கே எண்ணினோம், என்ன பொருள் என்று பார்க்கவில்லை.

அங்கே செய்தது

மேல்பகுதிக்குத் தேவைப்பட்டது படுகையை அடக்குவது. இங்கே அதற்கு நேர் எதிர், படுகையை இளக்க வேண்டும். பல் வைத்த வாளியோடு பொக்லைனை இறக்கி, பட்டை பட்டையாகக் கீறினோம். மேலிருந்து கீழாக, ஓரளவு நீர் ஓடும் நாளாகப் பார்த்து. அப்போதுதான் கிளம்பும் சேற்றை நீர் எடுத்துக்கொண்டு போகும், கீழே ஒரே இடத்தில் படியாது. முட்டையிடும் பருவத்தைத் தவிர்த்தோம். ஒன்றுவிட்டு ஒரு பட்டையைக் கீறாமல் விடச் சொன்னது மேடம். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே.

ஓடையின் மேல்பகுதியில் திறந்துகிடந்த சரிவுகளுக்கு மூடாக்கும், வடிகால் வாயில்களில் சேறு தங்கும் குழிகளும் கேட்டோம். ஒரு கரையில் செய்தார்கள். மறுகரை வேறொருவர் பொறுப்பு. பேச்சு இழுத்துக்கொண்டே போனது.

பின்னர் நடந்தவை

அடுத்த வெள்ளத்தில் கீறிய பட்டைகள் நகர்ந்தன, கீறாதவை நகரவில்லை. ஆற்றின் குறுக்கே நின்று பார்த்தால் வெளிர் நிறமும் சாம்பல் நிறமுமாகக் கோடு கோடாகத் தெரிந்தது. கரையில் காத்திருந்த சரளையைக் கீறிய பட்டைகளின் தலைப்பில் கொட்டினோம். அது மெதுவாகப் பரவியது. ஆனால் மூடாக்கு போடாத கரைப்பக்கம் இருந்த பட்டை, அடுத்த பருவம் முடிவதற்குள் மறுபடி சாம்பல் பூசிக்கொண்டது. கடப்பாரை மறுபடி தேவைப்பட்டது.

மேல்பகுதியில், பொறிக்குழி முதல் இரண்டு வெள்ளங்களில் விளிம்பு வரை மணலால் நிரம்பியது. அப்புறம் நிரம்பும் வேகம் குறைந்தது. விரல் நுனியில் தட்டுப்படும் மணல் புள்ளிகளும் குறைந்துகொண்டே வந்தன, காலடியில் அந்தக் கரகரப்பும் போனது. குழாயின் முதுகு ஒரு முறை வெளியே தெரிந்தது. அடுக்கிய கல் காப்பாற்றியது என்று சொல்லலாம், அதிர்ஷ்டமும் இருந்தது. முதலில் கொட்டிய சரளையில் பெரும்பகுதி நாங்கள் நினைத்த இடத்தில் இல்லை, வளைவுத் திட்டில் சேர்ந்திருக்கிறது. அங்கே முட்டைக் குழிகளைப் பார்த்ததாக இளைஞர் புகைப்படம் அனுப்பினார். நாங்கள் தேர்ந்தெடுத்த இடத்தைவிட அது நல்ல இடம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இரண்டாவது கட்ட வெட்டு ஒரு முழுப் பருவம் தள்ளிப்போனது. அந்தத் தாமதமும், மணல் அள்ளிய கூலியும் முதல் திட்டச் செலவில் இல்லாதவை.

இன்று செய்தால்

வரிசையை மாற்றுவோம். அணையை வெட்டி, மணல் கடந்துபோன பிறகுதான் சரளை கொட்ட வேண்டும். நாங்கள் கொட்டிவிட்டு அதன் மேல் மணலை விட்டோம்.

கல் எண்ணும் படிவத்தில் இப்போது மூன்று கட்டங்கள்: கல், மணல், ஒட்டும் சேறு. விரலில் முதலில் பட்டது எதுவோ அதுதான் பதிவாக வேண்டும். மூன்றாவது கட்டத்தில் ஒரு குறி விழுந்தாலே மாதிரியை ஈரமாகச் சலிக்க வேண்டும், உலர் சல்லடையை நம்பக் கூடாது. கணக்கு ஒன்றாக இராது, இரண்டாக இருக்கும்: இன்றைய படுகைக்கு ஒன்று, மணல் வந்த பின் இருக்கப்போகும் படுகைக்கு ஒன்று. அறிக்கையில் இரண்டு ஆழங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மேற்பரப்பில் ஒட்டும் சேறு இருக்கும் இடத்துக்கு மணல்–சரளைச் சமன்பாட்டைப் போட மாட்டோம். அங்கே சங்கிலியும் அடையாளக் கல்லும் சொல்வதுதான் விடை.

‘நுண்ணிய’ என்ற சொல்லையும் கவனமாகத்தான் கையாள்கிறோம். 2010-இல் ஜெரமி வெண்டிட்டி குழுவினர் வெளியிட்ட நீர்த்தொட்டிச் சோதனைகளில், கவசம் கட்டிய பருஞ்சரளையை அசைத்தது மணல் அல்ல. அந்தப் பருஞ்சரளையைவிடச் சிறிய சரளை. ஆகவே இரண்டாவது வெட்டின்போது அணைக்குப் பின்னால் இருக்கும் பொடிச்சரளையையும் தனியாக அளக்கச் சொல்லியிருக்கிறோம்.

கால் வைத்துப் பார்ப்பது நாங்கள் பார்த்த எந்தக் கையேட்டிலும் முறையாக இல்லை. ஆனாலும் படிவத்தின் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: நின்றால் கால் இறங்குகிறதா, கல்லை எடுத்தால் குழி சரிகிறதா, நிற்கிறதா.

ஓடை வந்து சேரும் முனையில் இன்னும் ஒரு துண்டுப் படுகை எங்களுக்குப் பிடிபடவில்லை. மேலிருந்து வரும் மணலும் ஓடையின் சேறும் அங்கே கலக்கின்றன. ஒரு வெள்ளத்தில் இளகுகிறது, அடுத்ததில் இறுகுகிறது. போன முறை அங்கே 10 அடையாளக் கற்கள் வைத்துவிட்டு வந்தோம். நீர் வடிந்து போய்ப் பார்த்தபோது ஏழு அப்படியே இருந்தன. மூன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.